பெயர்களை மட்டும் நகர்த்தினால்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து பிறந்தது. பெரிய விஷயம் எதுவும் அதில் பேசப்படவில்லை. பெயிண்ட் ஆலையில் வேலை பார்க்கும் தம்பி, திரையில் போட்டுக்காட்டும் ஸ்லைடு ஒன்றில் ஓர் அட்டவணை செய்திருந்தான். அதை அகர வரிசைக்கு மாற்றுவது எப்படி என்று அக்காவிடம் கேட்டான்.

"அக்கா, தலையப் பிச்சுக்கிறேன். இதுல வரிசைப்படுத்துற பட்டன் எங்க இருக்கு?"

"இருந்தாத்தானே. அதுல கிடையாதுடா."

"விளையாடாத. நான் ஷெட் வாரியா அடிச்சு வெச்சிருந்தேன். ஒண்ணாவது ஷெட் ஆளுங்க, அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணு. மேனேஜர் அகர வரிசைதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. மத்தியானம் பாதுகாப்பு வகுப்பு."

"எக்ஸெல்ல கொண்டுபோய்ப் போட்டு வரிசைப்படுத்து, திரும்ப இங்க கொண்டுவந்து ஒட்டு. மொத்தக் கட்டத்தையும் சேர்த்து எடுக்கணும். பேரை மட்டும் எடுத்தேன்னு வை, பேரு நகரும், பக்கத்துல இருக்கற நம்பர் நகராது. ஒருத்தன் தலை இன்னொருத்தன் உடம்புல உட்காரும்."

"உன் கல்யாண ஆல்பத்துல மாதிரியா?"

"போடா. 'ங'வுக்கு அப்புறம் என்ன எழுத்துன்னே தெரியாதவன், அகர வரிசை போட வந்துட்டான்."

"சரிக்கா, சரிக்கா. கூப்பிடுறாங்க, வெக்கிறேன்."

(அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது. மனதில் நின்றதா என்பதுதான் தெரியவில்லை. இந்தக் கதையின் பயம் முழுவதும் இந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. இதை அழித்துவிட்டால் கதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.)

2

முதலில் வேறு மாதிரி தொடங்கியிருந்தேன். "அன்று மதியம் வானம் கறுத்து –" இல்லை. அவள் வானத்தைப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். "ஒரு கணம் உலகமே –" இதையும் விட்டுவிடலாம். கண்ணாடி அதிர்ந்தது. யாரோ, "லாரி டயரா இருக்கும்" என்றார். அவளும் நம்பி அடுத்த வரியை அடித்தாள்.

"அவள்" என்றே எழுதுகிறேன். "நான்" என்று தொடங்கிய பிரதிகள் எல்லாம் ஆலையின் வாசலோடு நின்றுவிட்டன. அவளை உள்ளே அனுப்பிவிட்டு, நான் பின்னால் போகிறேன்.

3

பெயிண்ட் ஆலையின் மூன்றாவது ஷெட் எரிந்துகொண்டிருந்தது. வருகைப் பதிவேடும் அதன் அலுவலக அறையோடு போயிற்று. ஆட்கள் வாரத்துக்கு வாரம் ஷெட் மாறுவார்கள். இந்த வாரம் யார் எங்கே என்று வீடுகளில் யாருக்கும் தெரியாது. குடும்பத்தாரை உணவுக்கூடத்தில் உட்காரவைத்து, மேனேஜர் சுவரில் ஒரு ஸ்லைடைப் போட்டார்.

(முதல் பிரதியில் இவரை வில்லனாக்கியிருந்தேன். விரலில் தடித்த மோதிரம்கூடப் போட்டுவிட்டிருந்தேன். பிறகு கழற்றிவிட்டேன். உண்மையில் அவருக்கு புரொஜெக்டர் ஒயரைச் செருகவே வரவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து போய்ச் செருகிக் கொடுத்தாள்.)

"இது இன்னைக்குக் காலையில செஞ்சது. பேரும் ஷெட்டும் இருக்கு. ஒண்ணு, ரெண்டுல இருந்தவங்களப் பின்பக்கமா வெளிய கொண்டுபோயாச்சு. அவங்க போனெல்லாம் உள்ள லாக்கர்ல மாட்டிக்கிச்சு, அந்தப் பக்கம் போலீஸ் இப்ப யாரையும் விடல. மூணுல..." அவர் திரையைப் பார்த்தார். "மூணுல இருந்து தகவல் வரல."

அது தம்பியின் அட்டவணை. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் ஷெட் எண். அவன் பெயர் 'இ'யில் தொடங்கும், மேலேயே இருந்தது. அதற்கு நேராக 1.

பக்கத்தில் இருந்த, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுநரின் மனைவி அவள் கையைப் பிடித்தாள். "எங்க வீட்டுக்காரருக்கு 'அ'. ஒண்ணுதான் போட்டிருக்கு. உங்களுக்கு?"

"தம்பி. அவனுக்கும் ஒண்ணு."

"போன உசுரு திரும்பி வந்துச்சும்மா."

பின்வரிசையில் ஒரு பெரியவர் பட்டியலின் அடிவரைக்கும் விரலால் காற்றில் தடவிக்கொண்டே போனார். அவர் மகனுக்கு 'வ'. விரல் நின்ற இடத்தில் 3. அவர் அழவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் நின்றார்.

தம்பி பெயருக்கு நேரே இருந்த ஒன்றை இன்னொரு தடவை பார்க்கலாம் என்றுதான் அவள் நிமிர்ந்தாள். அப்படியே கண் கீழே இறங்கியது. பெயர்கள் அ, ஆ, இ என்று பிசகில்லாமல் இறங்கின. எண்களும் பிசகில்லாமல் இறங்கின: முதலில் ஒன்றுகள் எல்லாம், அப்புறம் இரண்டுகள், கடைசியில் மூன்றுகள்.

மேலிருந்து கீழ்வரை இன்னொரு தடவை படித்தாள்.

ஆட்களை எழுத்துப் பார்த்து யாரும் ஷெட்டுக்கு அனுப்புவதில்லை. பெயர்கள் அகர வரிசையில் நின்றால் எண்கள் கலைந்து கிடக்க வேண்டும். அவை கலையவில்லை. தம்பி பெயர்களை மட்டும்தான் நகர்த்தியிருக்கிறான்.

4

அந்தக் கூடத்தில் இது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சொன்னால் பெரியவருக்கு மகன் திரும்பக் கிடைக்கலாம். பிடித்திருக்கும் இந்தக் கை விட்டுப்போகலாம். தம்பிக்கு நேராக இருக்கும் 1 அழிந்துபோகும். சொல்லாத வரைக்கும் அவன் ஒன்றாவது ஷெட்டில் இருக்கிறான்.

(இங்கே அவளுடைய மன ஓட்டத்தை நீளமாக எழுதியிருந்தேன். எல்லாம் பொய். பயத்தில் மனம் ஓடாது. "இப்ப வேண்டாம், இப்ப வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் நின்றுவிடும்.)

5

அ. அவள் எழுந்திருக்கிறாள்.

"சார், இந்த அட்டவணை தப்பு."

"என்னம்மா சொல்றீங்க?"

"பேரு மட்டும் இடம் மாறியிருக்கு. நம்பர் மாறல. எந்தப் பேருக்கும் பக்கத்துல இருக்கறது அவங்க நம்பர்தான்னு சொல்ல முடியாது."

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரின் மனைவி கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல," என்கிறாள், மிக மெதுவாக. பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உட்காருகிறார்.

ஆ. அவள் எழுந்திருக்கவில்லை. பிடித்த கையைத் தானும் இறுக்கிக்கொள்கிறாள். யாரோ தண்ணீர் கொண்டுவருகிறார்கள், வாங்கிக் குடிக்கிறாள். பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. அவள் திரும்பவில்லை. பெரியவர் வெளியே போகிறார்.

இ. இதில் தம்பி பின்வாசல் வழியாக வந்து, "என்னக்கா, மொத்தக் கட்டத்தையும் –"

இதை முடிக்க மாட்டேன்.

நடந்தது முதல் இரண்டில் ஒன்று. எது என்று எழுதப் போவதில்லை. அந்த நாற்காலியில் நீங்கள் இருந்தால் எதைச் செய்திருப்பீர்களோ, அதையே கதையின் முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம்.

இரண்டிலும் தம்பி மூன்றாவது ஷெட்டில்தான் இருந்தான்.