சாரட்டுக்கு முன்பாரம்

துளசிங்கம் திருவேங்கடம் செட்டியாருக்குத் தரவேண்டிய கடன் பதினேழு வராகன், ஆறு பணம், நாலு காசு. இதில் பன்னிரண்டு வராகன் மாட்டு விலை. மீதி, அந்த ஜோடி மாடு துளசிங்கத்தின் கொட்டிலில் நின்று வைக்கோல் தின்ற மூன்று வருஷத்துக்கு வட்டி. நாலு காசு எதற்கு என்று அவன் ஒருதரம் கேட்டிருந்தான். கடன் எழுதின ஓலைக்கு விலை என்று செட்டியார் சொல்லியிருந்தார்.

பழவேற்காட்டுக் கோட்டைமேல் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. துளசிங்கம் சுண்ணாம்புக்குளத்தில் வண்டி ஓட்டிப் பிழைத்தான். கிளிஞ்சல், கருவாடு, உப்பு, எது கிடைத்தாலும் ஏற்றுவான். வாங்கின கூலியில் பாதி செட்டியாருக்குப் போகும். மீதியில் மாடு தின்னும். மாடு தின்றது போக மிச்சம் இருந்தால் வீட்டில் தின்பார்கள்.

மார்கழி மழை விட்டு நாலாம் நாள் காலையில் செட்டியார் அவன் வாசலுக்கே வந்துவிட்டார். அவர் ஊர் ஊராகத் துணி வாங்கிக் கோட்டைக்கு விற்பவர். ஒல்லாந்தர் பேச்சைக் கற்றுக்கொண்டு துபாஷி வேலையும் பார்த்தார். ஆள் நல்ல கனம். நெல் மூட்டை நடந்து வருவதுபோல வருவார். அவர் பின்னால் கோட்டைக்குப் புதிதாக வந்த துரை நின்றார். ஏரிப் பறவைகளைச் சுட எளாவூர் வழியாகத் தன் சாரட்டில் முந்தாநாள் வந்தவர். நாலு பறவை சுட்டிருந்தார். அதில் ஒன்று யாரோ வளர்த்த வாத்து.

"துளசிங்கம், மாட்டை அவுத்துக்கினு வா," என்றார் செட்டியார்.

"இன்னாத்துக்குங்க?"

"துரையோட சாரட்டை இழுத்துக்கினு போய்க் கோட்டையில வுடணும். உச்சிப் பீரங்கி போடறதுக்குள்ள."

"சாரட்டுக்குக் குதிரை கீதே."

"ஒண்ணு ராத்திரி வயிறு ஊதிச் செத்துப்போச்சி. இன்னொண்ணு அதும்பக்கத்துலயே நிக்கிது. எட்டு வெச்சி வரமாட்டேங்குது. இன்னிக்கி கப்பல் வருது, துளசிங்கம். துரை பார்த்து முத்திரை வெச்சாதான் என் துணி எழுபது கட்டு கப்பல் ஏறும்."

"எளாவூர் சுத்திப் போனா இருட்டிப்பூடுமே."

"சுத்திப் போவச் சொல்லி யார் சொன்னா? ஏரி ஓரமாவே போ."

"மழை வுட்டு நாலு நாளுதான் ஆவுது. சேறு இன்னும் காயல."

செட்டியார் மடியைத் தட்டிக் காட்டினார். ஓலைக் கட்டு அங்கேதான் இருக்கும். குளிக்கும்போது மட்டும் அவிழ்த்து வைப்பார் என்று பேச்சு.

"உச்சிக்குள்ள கொண்டு சேர்த்தா உன் ஓலையைக் கிழிச்சிடறேன். பீரங்கி போட்டாச்சின்னா மாடு ரெண்டும் அந்த நிமிஷமே எனுது. இன்னா சொல்ற?"

உள்ளே இருந்து துளசிங்கத்தின் பெண்சாதி செல்வம்மாள் குரல் கொடுத்தாள். "ஒத்துக்காத. மாடு போச்சின்னா நுகத்தடியில நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

"ஒத்துக்கலைன்னா ஆடியில வந்து ஓட்டிக்கினு பூடுவாரு," என்றான் துளசிங்கம்.

செட்டியார் அதை இல்லை என்று சொல்லவில்லை.

சாரட்டு அழகாகத்தான் இருந்தது. நாலு சக்கரம். பின்சக்கரம் ஆள் மார்பு உயரம், முன்சக்கரம் இடுப்புக்குக் கீழே. உள்ளே மெத்தை. முன்னால் ஓட்டுகிறவனுக்கு உயரமாக ஒரு பலகை. துளசிங்கம் சுற்றிவந்து பார்த்தான். இரண்டு சக்கரம்தான் அவனுக்குப் பழக்கம். மீதி இரண்டும் எதற்கு என்று புரியவில்லை. கேட்டால் அதற்கும் செட்டியார் கணக்கு எழுதுவார் என்று கேட்கவில்லை. குதிரைத் தண்டில் நுகத்தடியைக் குறுக்கே வைத்துக் கட்டினான். செவலை மாட்டை வலப்பக்கமும் மயிலை மாட்டை இடப்பக்கமும் பூட்டினான். மாடுகள் திரும்பிச் சாரட்டைப் பார்த்தன. பிறகு அவனைப் பார்த்தன.

துரை மெத்தையில் உட்கார்ந்தார். பக்கத்தில் புட்டி. செட்டியார் எதிரே உட்கார்ந்தார். வண்டி அவர் பக்கம் சாய்ந்து நின்றது.

ஏரி ஓரம் சேறு கறுப்பாக, எண்ணெய் தடவின மாதிரி மினுங்கியது. துரை அதைப் பார்த்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"இதெல்லாம் ஒரு வழுக்கலான்னு கேக்கறாரு," என்றார் செட்டியார். "அவங்க ஊருல மார்கழி வந்தா வானத்துலேர்ந்து வெள்ளை வெள்ளையா உப்பு மாதிரி கொட்டுமாம். முழங்கால் ஆழம். ஆறு கொளம் எல்லாம் கல்லா பூடுமாம். அதுமேல இந்தச் சாரட்டைத் தானே ஓட்டுவாராம்."

"உப்புக்கு வரி உண்டாமா?"

"அதைக் கேக்க மாட்டேன்."

துரை மறுபடி பேசினார். செட்டியார் ஒவ்வொன்றாகச் சொன்னார். "கிளப்பும்போது மெதுவா கிளப்பணுமாம். கிளப்பினா நிறுத்தக்கூடாதாம். வெடுக்குனு திருப்பக்கூடாதாம். சறுக்கினா கயித்தைப் புடிச்சி இழுக்கக்கூடாதாம், வுட்டுப் புடிக்கணுமாம்."

துளசிங்கத்துக்கு முதல்முறையாகத் துரைமேல் மரியாதை வந்தது. வண்டி ஓட்டித் தேய்ந்த கை இல்லாமல் இந்தப் பேச்சு வராது. அந்த உப்பு மழை பொய்யாக இருக்கலாம். சறுக்கினது நிஜம்.

அப்படியே ஓட்டினான். அடிக்கவில்லை, அதட்டவில்லை. நாக்கை மட்டும் சொடுக்கினான். சாரட்டு பாதி வழி வந்துவிட்டது. தூரத்தில் கோட்டைக் கொடி தெரிந்தது. வெயில் தோளில் ஏறியிருந்தது, உச்சிக்கு வரவில்லை. மாடு தன்னுடையதுதான் என்று ஒரு நாழிகை நேரம் அவன் நினைத்துக்கொண்டான்.

பிறகு ஒரு பள்ளம் வந்தது. மழைத் தண்ணீர் ஏரிக்கு இறங்கின இடம். மாட்டுக் குளம்பு பிடிக்காமல் வழுக்கியது. செவலை ஒருதரம் மண்டியிட்டு எழுந்தது. சாரட்டு நின்றுவிட்டது.

வண்டிக்காரனுக்கு இதற்கு ஒரே வைத்தியம் தெரியும். சேற்றில் மாட்டுக்குக் கால் பிடிக்காவிட்டால் பாரத்தை முன்னால் தள்ளவேண்டும். முன்பாரம் நுகத்தடி வழியாக மாட்டின் கழுத்தில் அழுத்தும். அழுத்தினால் குளம்பு சேற்றைக் குத்திப் பிடிக்கும். மூட்டை இல்லாத நாளில் துளசிங்கமே நகர்ந்து தண்டுமேல் உட்காருவான். அவன் அப்பன் அப்படித்தான் உட்கார்ந்தான். சுண்ணாம்புக்குளத்தில் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான்.

"செட்டியாரே, கொஞ்சம் முன்னால பலகைக்கு வரீங்களா?"

"எதுக்கு?"

"பாரம் வேணும்."

செட்டியார் அதைப் பெருமையாகவும் எடுத்துக்கொள்ளவில்லை, இழிவாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. எழுபது கட்டுத் துணியை நினைத்துக்கொண்டு முன்பலகைக்கு ஏறினார். துளசிங்கம் இறங்கி மாட்டின் பக்கத்தில் நின்று நாக்கைச் சொடுக்கினான்.

மாட்டின் கழுத்தில் ஒரு இம்மிப் பாரமும் ஏறவில்லை. நாலு சக்கர வண்டியில் முன்னால் உட்கார்ந்தால் கழுத்துக்கு ஏது பாரம்? முழுக்க முன்சக்கரத்துக்குத்தான். அந்தச் சின்னச் சக்கரம் இரண்டும் களுக் என்று ஒரு சத்தம் போட்டு அச்சு வரைக்கும் இறங்கின. சாரட்டு, சாமி கும்பிடுவதுபோல முன்னால் குனிந்து நின்றது.

துரை புட்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டார்.

பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் ஒரு பெண் குனிந்து கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். இருசம்மாள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருந்தாள். கையால் இறால் பிடிக்கிறவர்கள் பாடெல்லாம் அப்படித்தான், இரண்டு கையும் சேற்றில் இருக்கும், கூடை வாயில் இருக்கும். அவள் நிமிர்ந்து சாரட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"ண்ணா, மூட்டையை இறக்கு," என்றாள்.

"மூட்டை இல்ல. அவுரு செட்டியாரு."

"யாரா இருந்தா இன்னா, இறக்கு. மூஞ்சி அமுங்கிக்கீது பாரு. முன்னால காலி பண்ணினா தானா எழும்பிக்கும்."

துளசிங்கம் சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். அவள் சொன்னது சரி. இருபத்தைந்து வருஷம் வண்டி ஓட்டினவன் பாரத்தைச் சக்கரத்தின் தலையிலேயே ஏற்றியிருந்தான். "செட்டியாரே, இறங்குங்க," என்று மட்டும் சொன்னான்.

"சேத்துலயா?"

"நேரம் ஆவுது."

செட்டியார் வேட்டியைத் தூக்கிக்கொண்டார். இருசம்மாள் கத்தினாள். "காலைத் தூக்கித் தூக்கி வெக்காதீங்க சாமி! மீன் மாதிரி வழுக்கிக்கினே வாங்க!"

வாழ்நாளில் யாரும் செட்டியாரிடம் மீன் மாதிரி வரச் சொன்னதில்லை. அவர் தன் கடைப்படியில் இறங்குவதுபோல இறங்கினார். ஒரு கால் முழங்கால் வரை போனது. அதைப் பிடுங்க மற்றதை ஊன்றினார். அது தொடைவரை போனது. நாலு எட்டு வைத்து முடிப்பதற்குள் இடுப்பு வரை உள்ளே இருந்தார். ஐந்தாவது எட்டுக்குக் கால் கிடைக்கவில்லை.

சாரட்டு மட்டும் முன்னால் லேசாக எழும்பிக்கொண்டது.

அப்போதுதான் கோட்டையில் பீரங்கி போட்டார்கள். சத்தம் தண்ணீர்மேல் உருண்டு வந்தது. கொக்குக் கூட்டம் எழுந்து ஒரு சுற்று சுற்றி மறுபடி உட்கார்ந்தது.

துளசிங்கம் மாடு ஓட்டும் தார்க்குச்சியை முன்பலகைமேல் வைத்தான். செவலையின் கழுத்தைத் தடவினான். மயிலையின் கழுத்தையும் தடவினான். குனிந்து பூட்டாங்கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"இன்னாடா பண்ற?" என்றார் செட்டியார்.

"உச்சி ஆயிடிச்சி. மாடு உங்களுது. கயிறு எனுது."

மாடு கைமாறினால் பழைய கயிறு கூடப் போகாது. விற்றவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போவான், வாங்கினவன் புதுக் கயிறு கொண்டுவந்து பூட்டுவான். கயிற்றோடு கொடுத்தால் இரண்டு வீட்டுக்கும் ஆகாது. சந்தையில் எத்தனையோ மாடு பிடித்த செட்டியாருக்கு இது தெரியும்.

"நான் எங்கடா போவேன் இப்ப கயித்துக்கு?"

"அது தெரியலீங்க." துளசிங்கம் மூக்கணாங்கயிற்றுக்கு வந்திருந்தான். மாடுகள் சும்மா நின்றன.

"தோ பார், கயித்தை என் கைல போடு. மாட்டை வுட்டு இழுக்கச் சொல்லு. மீதியைக் கரையில பேசிக்கலாம்."

"என் கயித்தை உங்க மாட்டுமேல எப்பிடிப் போடறது?"

"அது ஆவாது," என்றாள் இருசம்மாள். "எங்க மாமா ஒருதரம் அப்பிடிக் குடுத்துட்டு ஆறே மாசத்துல பசு செத்துப்போச்சி."

செட்டியார் மாட்டைப் பார்த்து, "ஹை! ஹை!" என்று அதட்டினார். செவலை அவரைத் திரும்பிப் பார்த்தது. மயிலை நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது.

துரை மெத்தையிலிருந்து தலையை நீட்டி ஏதோ கேட்டார். செட்டியார் பதில் சொன்னார். துரை சிரிக்காமல் நீளமாகப் பேசினார்.

"இன்னா சொல்றாரு?" என்றாள் இருசம்மாள்.

செட்டியார் துபாஷி. கேட்டால் சொல்லித்தான் பழக்கம். "அவங்க ஊருல இந்த மாதிரி ஆழமா மாட்டிக்கினவங்க சித்திரை வரைக்கும் அப்பிடியே நிப்பாங்களாம். வெயில் வந்ததும் எடுப்பாங்களாம்."

"உசுரோடவா?"

செட்டியார் அதைக் கேட்டுச் சொல்லவில்லை.

முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறுகிற நேரம். ஓதம் பள்ளத்தில் நுரையோடு வந்தது. செட்டியாரின் இடுப்பைத் தொட்டு, சுற்றிப் போய், திரும்பவும் வந்தது.

"வட்டியை வுட்டுடறேன்," என்றார் அவர்.

துளசிங்கம் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான்.

"வட்டியும் பாதி முதலும்."

"நீங்க பேசினது மாடு, செட்டியாரே. மாட்டைக் குடுத்துட்டேன். இதுக்குமேல நான் இன்னா கேக்கறது?" அவன் சொன்னதில் நக்கல் இல்லை. அவனுக்குக் கால் வலித்தது. வீடு வரைக்கும் இனி நடக்கவேண்டும் என்பதைத்தான் அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர் மடிக்கு வந்தது. செட்டியார் ஓலைக் கட்டைப் பதறி உருவித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். ஒரு சீமையின் கடன் முழுக்க அந்தக் கையில் இருந்தது. துரை அந்நேரம் எழுந்து நின்று, நீளக் குழாயைக் கண்ணில் வைத்துக் கடல் பக்கம் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"கப்பல் இன்னும் வரலையாம்," என்று செட்டியார் சொன்னார். துணி எழுபது கட்டும் ஏற இன்னும் வழி இருந்தது. உடனே ஓலைக் கட்டைப் பல்லால் பிரித்தார். "எல்லாம் வுட்டேன். மாட்டையும் நீயே வெச்சிக்க. வந்து வாங்கிக்க."

இருசம்மாள்தான் போனாள். பாதத்தைத் தூக்காமல், சேற்றின்மேல் தேய்த்துக்கொண்டே வழுக்கிப் போனாள். செட்டியார் உருவிக் கொடுத்த ஓலையைக் கொண்டுவந்து துளசிங்கத்திடம் நீட்டினாள்.

அவனுக்கு எழுத்து தெரியாது. கடன் வாங்கின நாளில் கையெழுத்துக்குப் பதிலாக ஓலை மூலையில் ஒரு வண்டிச் சக்கரம் கீறியிருந்தான். ஆணி பிசகி வட்டம் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். மூலையைத் துடைத்துப் பார்த்தான்.

"இது எனுது இல்ல," என்றான். "இதுல மீன் போட்டுக்கீது."

இருசம்மாள் மறுபடி போனாள். செட்டியார் தண்ணீர் மார்பில் அடிக்க, இரண்டாவது ஓலையை நன்றாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். அதில் நசுங்கின சக்கரம் இருந்தது. துளசிங்கம் அதைத் திருப்பி அனுப்பினான்.

"நான் கிழிச்சா செல்லாது. குடுத்தவங்கதான் கிழிக்கணும்."

செட்டியார் ஒரு கையில் கட்டைத் தூக்கிப் பிடித்தபடி, மறு கையால் ஓலையின் ஒரு முனையைப் பிடித்து, மற்ற முனையைப் பல்லில் கடித்து இழுத்தார். காய்ந்த ஓலை, நரம்போடு நீளவாக்கில் பிளந்தது. ஓதம் இரண்டு துண்டையும் வாங்கிக்கொண்டு ஏரிப் பக்கம் போனது.

துளசிங்கம் தோளிலிருந்து கயிற்றை எடுத்து மயிலைக்கு முதலில் பூட்டினான், பிறகு செவலைக்கு. மிஞ்சின முனையைச் செட்டியார் கைக்கு எறிந்தான்.