தவக்காலத்தில் பாட்டு அல்லாதவை

அன்று மாலை என் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள்: அந்தோனிப்பிள்ளையாகிய நான், என் மனைவி மக்டலின், மகள் ஷானிகா, தம்பியின் மகன் கிளைட்டன், கோயில் சபைத் தலைவர் றொபின்சன், முறைப்பாட்டைச் சுமந்து வந்த சாள்ஸ், நோன்புக் கஞ்சி கொடுக்க வந்து கதை ருசியாக இருந்ததால் போகாமல் நின்ற அடுத்த வளவு முஸ்லிம் வீட்டு ஸுலைஹா. வேறு யாரும் இருக்கவில்லை. தாங்களும் அங்கே இருந்ததாகக் குறிஞ்சிப்பிட்டியில் பலர் சொல்லித் திரிகிறார்கள். அத்தனை பேருக்கு என் வீட்டில் கதிரை இல்லை.

பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் திருவுடலைச் சுமந்து செல்லும் ஆசந்தியின் முன் தோள் எங்கள் குடும்பத்துக்கு உரியது. என் அப்பா சுமந்தார், இப்போது நான் சுமக்கிறேன். பின் தோள் சாள்ஸ் வீட்டுக்கு. பின் தோளில் நிற்பவருக்கு முன்னால் போகிறவரின் பிடரியைத் தவிர வேறு காட்சி கிடையாது. வருடா வருடம் என் பிடரியையே பார்த்து வந்த மனிதர் கடைசியில் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டார்.

தவக்காலத்தில் எங்கள் கோயில் பங்கில் எந்த வீட்டிலும் பாட்டுச் சத்தம் கேட்கக்கூடாது. மீறும் வீட்டுக்கு அந்த வருடம் ஆசந்தியில் தோள் இல்லை. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவரே என் அப்பாதான். சாள்ஸ் வீட்டாரை மனதில் வைத்துக் கொண்டுவந்தார்.

"அண்ணன், குறை நினைக்காதீங்க," என்று சாள்ஸ் தொடங்கினார். குறை சொல்ல வருகிறவர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள். "உங்கட மோட்டர் அறைக்குள்ள பிள்ளைகள் பாட்டுப் படிக்குதுகள். றோட்டு வரைக்கும் கேக்குது."

வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர் இருக்கும் அறை அது. அதற்குள் ஷானிகா படிப்பது றாப். கிளைட்டன் படிப்பது மெற்றல். விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். றாப் என்பது மூச்சு விடாமல் ஏசுவது. மெற்றல் என்பது ஏசுவதற்கு எடுத்த மூச்சை, சொல் வருமுன்பே வெளியே விட்டுவிடுவது. இருவரும் படித்த பிள்ளைகள்.

ஒருவர் செய்வதை மற்றவர் மதிப்பதும் இல்லை.

"நீ கதைக்கிறதுக்கு என்னத்துக்கடி தாளம்?" என்பான் அவன்.

"நீ கத்துறதுக்கு என்னத்துக்கடா கிட்டார்? நோவுக்கு ரெண்டு பனடோல் போதும்," என்பாள் அவள்.

றொபின்சன் தொண்டையைச் செருமினார். "தம்பி கிளைட்டன், நேராச் சொல்லுங்க. அது பாட்டா, இல்லையா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் முன் தோள் எங்களிடம் இருக்கும். அந்தச் சொல்லைச் சொல்லும்படி கண்ணால் காட்டினேன். அவன் நெஞ்சை நிமிர்த்தினான். அந்த நிமிர்வு எங்கள் குடும்பத்து நிமிர்வு. தவறான இடத்தில் வந்தது.

"பாட்டுத்தான் அங்கிள். இவள்ட றாப்பும் பாட்டுத்தான். ரெண்டும் ஒண்டுதான். வீட்டில சத்தமாச் சொல்ல ஏலாததைச் சொல்லுறதுக்குத்தான் ரெண்டும். இவள் சொல்லை அடுக்கிச் சொல்லுறாள். நான் உடைச்சுச் சொல்லுறன்."

"ஓம்," என்றாள் ஷானிகா. பிறந்த நாளிலிருந்து சண்டை பிடித்தவர்கள், ஒற்றுமைப்படுவதற்கு இந்த மாலையைத் தெரிவு செய்திருந்தார்கள்.

"இந்த வீட்டில சத்தமாச் சொல்ல ஏலாதது என்ன இருக்கு?" என்று சத்தமாகக் கேட்டேன்.

ஷானிகா கைபேசியில் எதையோ குறித்துக்கொண்டாள்.

சாள்ஸ் எழும்பத் தயாரானார். முன் தோளை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவர் போல சாரத்தை இறுக்கினார். அப்போது மக்டலின், கஞ்சிக் கோப்பையை மேசையில் வைத்தபடியே, "நத்தாருக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

கிறிஸ்து பிறப்புக்குக் கோயிலில் நடந்த நத்தார் விழா மேடையில் பாட இந்த இருவரும் இடம் கேட்டிருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்து, ஊர் கேட்க, "இது ரெண்டும் பாட்டே இல்லை. பாட்டுப் படிக்கிறவர்கள் மட்டும் மேடைக்கு வரலாம்" என்று தீர்ப்புச் சொன்னேன். முன் வரிசையில் இருந்து கைதட்டியவர் சாள்ஸ்.

"தலைவர்," என்றேன், "நத்தாருக்குப் பாட்டில்லாதது தவக்காலத்துக்குப் பாட்டாகுமா?"

"அது வேற, இது வேற," என்றார் சாள்ஸ்.

"கைதட்டினது இந்தக் கைதானே?"

றொபின்சன் சங்கடப்பட்டு, விறாந்தை ஓரம் நின்ற ஸுலைஹாவைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்க அடுத்த வளவு. பாட்டுக் கேட்டீங்களா?"

"நோன்போட பொய் சொல்ல ஏலா. பாட்டு ஒண்டும் நான் கேக்கல்ல. ஒராள் ஏசுற சத்தம் கேட்டிச்சி. ஒராள் வாந்தி வாறாப்போல ஓங்காளிக்கிற சத்தம் கேட்டிச்சி. ஏசுறது அண்ணன் எண்டும், அத தாங்க ஏலாம ஆரோ ஓங்காளிக்கிற எண்டும் நினைச்சேன்."

முன் தோள் தப்பியது. எப்படித் தப்பியது என்பதைப் பற்றி நான் அதிகம் யோசிப்பதில்லை. றொபின்சன் அந்த இடத்திலேயே அறிவித்தார்: பாட்டு இல்லை, ஆகவே குற்றமும் இல்லை.

"அப்ப அப்பா," என்றாள் ஷானிகா, "பாட்டில்லாட்டி நிப்பாட்டவும் தேவையில்லத்தானே?"

சாள்ஸ் அன்று முதன்முதலாகச் சிரித்தார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. நான் நிறுத்தச் சொன்னால் அது பாட்டு. பாட்டென்றால் தோள் போய்விடும்.

ஆகவே, கரையோரம் முழுவதும் வாய் மூடியிருந்த அந்தத் தவக்காலத்தில், சத்தம் கேட்ட ஒரே கத்தோலிக்க வீடு என்னுடையது. இருவரும் சேர்ந்தே செய்யத் தொடங்கினார்கள். அவள் அடுக்குவாள், அவன் உடைப்பான். "சத்தமாச் சொல்ல ஏலாதது என்ன இருக்கு" என்ற வரியில் அவள் மூச்சு விடாமல் ஓடிவந்து நிற்பாள். "என்ன இருக்கு" என்று அவன் பாதாளத்தில் இருந்து கேட்பான். என் கேள்வியை என்னிடம் கேட்காமலே எடுத்திருந்தார்கள். சாள்ஸ் தினமும் சைக்கிளை வேலியோரம் மெதுவாக்குவார். நான் பாட்டு எதையும் கேட்காத மனிதனாக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். "காலை ஆட்டாதீங்க," என்று மக்டலின் ஒருநாள் சொன்னாள். நுளம்பு கடித்தது.

பெரிய வெள்ளியன்று முன் தோளில் நான்தான் நின்றேன். ஆசந்தி ஆடாமல் கோயில் போய்ச் சேர்ந்தது.

இப்போது ஊரில் ஒரு கதை உலாவுகிறது. ஆசந்தியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது என் கால்கள் மோட்டர் அறைத் தாளத்துக்கு நடந்தனவாம். பின்னால் வந்த சாள்ஸ் பார்த்தாராம். அது பொய். வெறுங்காலோடு நடந்தோம். மணல் சுட்டது.