சராசரியை இறக்கும் ஆள்

தம்பி இறந்துபோய் ஏழாவது வாரம், ஒரு விடுமுறை நாள் காலையில், அக்கா கம்ப்யூட்டர் முன்னால் அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனைக் காதில் மாட்டினாள். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள் அவள். ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டு என்றாலே தலையில் அடித்துக்கொள்ளும் ரகம். அவன் இருந்தபோது, "சும்மா வந்து சேர்ந்துக்கோக்கா, அது போதும்" என்று எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறான். வேலை இருக்கிறது என்று தட்டிக்கழித்தாள். இப்போது அந்தக் கெஞ்சல்தான் உள்ளே கிடந்து அரித்தது.

அவனோடு ஆடிய மூன்று பேர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்கெங்கோ இருப்பவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. வாத்தி, பூனை, மொட்டை என்று பட்டப்பெயர்கள்தான். அவள் யாரென்று சொன்னதும் மூவரும் மாறி மாறி ஆறுதல் சொன்னார்கள். பிறகு வாத்தி பேசினான்: தம்பியின் அக்கவுன்டை அப்படியே விட்டுவிடுங்கள், உங்களுக்கென்று புதிதாக ஒன்று திறந்துகொள்ளுங்கள். போனவனுக்குத் தரும் மரியாதை என்று அவள் எடுத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

அதன்பின் வாரத்தில் மூன்று மாலை அவர்களோடுதான். அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ள மட்டுமே தெரிந்தது. யாரும் ஒரு வார்த்தை கடிந்ததில்லை. "சாவுறதுல அக்காவ அடிச்சுக்க ஆளில்ல" என்பான் மொட்டை, அவளும் சிரிப்பாள். ஆட்டங்களுக்கு நடுவே தம்பியைப் பற்றிப் பேசுவார்கள். தோற்றால் நாற்காலியைக் குறை சொல்வானாம். ஜெயித்தால் விசிலடிப்பானாம். வீட்டில் அவன் விசிலடித்து அவள் கேட்டதே இல்லை. அதற்காகவே ஓடி ஓடி வந்தாள்.

வெறும் பாரமாக இருக்கக் கூடாதென்று ரோஷம் வந்தது. தனியாக உட்கார்ந்து பழகினாள். நூலளவு பிசகாத கை. இரண்டே மாதத்தில் குறி படிந்துவிட்டது. ஒரு மாலை ஒரே ஆட்டத்தில் ஒன்பது பேரைச் சாய்த்துவிட்டு, பாராட்டுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். பூனை கனைத்தான்.

"அக்கா, ரொம்ப சுடாதீங்க."

ஏன் என்றாள். மழுப்பினார்கள். விடாமல் துளைத்தபோது வாத்தி சொல்லிவிட்டான். விளையாட்டு ஒவ்வொருவருக்கும் ரகசியமாக ஓர் எண் வைத்திருக்கிறது. எதிரியைச் சாய்த்தால் ஏறும், சுடுபட்டுச் செத்தால் இறங்கும். எண் ஒத்துப்போகிறவர்களைத்தான் எதிரே நிறுத்தும். நால்வர் கூட்டாக வந்தால் நாலு எண்ணின் சராசரியைப் பார்க்கும். மூன்று சூரர்களுடன் ஒரு கத்துக்குட்டி சேர்ந்தால் சராசரி படுத்துவிடும். எதிரே பொடிசுகளாக வந்து மாட்டுவார்கள். அதற்குத்தான் புது அக்கவுன்ட். அவள் எண் ஏறினால் காரியம் கெட்டது.

"இது என் தம்பிக்குத் தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"அவன் போட்ட திட்டந்தான்க்கா. எங்கக்கா ஒண்ணுத்துக்கும் ஆகமாட்டா, அவளக் கூட்டிட்டு வந்துட்டா நமக்கு ராஜபோகம்னு சொல்லிட்டே இருப்பான்" என்றான் வாத்தி.

மொட்டை சிரித்தான். பிறகு உறைத்து நிறுத்திக்கொண்டான்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். பதினைந்து நாள் தனியாகவே ஆடினாள். விளையாட்டு அவளுக்குச் சரிசமமான ஆட்களைத் தேடித் தேடிக் கொண்டுவந்தது. பாதி ஜெயித்தாள், பாதி தோற்றாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களில் ஒருவருக்கும் அவளுக்கு ஒரு தம்பி இருந்ததே தெரியாது.

பதினாறாம் நாள் இன்னொரு புது அக்கவுன்ட் திறந்தாள். பத்து ஆட்டம் வேண்டுமென்றே சுடுபட்டுத் தோற்று, எண்ணை அடிமட்டத்துக்கு இறக்கிக்கொண்டு மூவரிடமும் போய்ச் சேர்ந்தாள். ஏன், என்ன என்று யாரும் கேட்கவில்லை.

முதல் ஆட்டத்தில் ஒரு பொடிசு கதவோரம் முதுகைக் காட்டி நின்றது. அவளுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு சுடுகிற தூரம். துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு, அது திரும்பிப் பார்த்துச் சுடும்வரை காத்திருந்தாள்.

விழுந்த பிறகு கேட்டாள்:

"ம், சொல்லுங்க. என்னைப் பத்தி வேற என்னல்லாம் சொன்னான்?"