தண்ணீர் பீய்ச்சாத வேன்

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்த வீட்டு வாசலில் இருந்தவர்கள்: வேனுக்குச் சொந்தக்காரர் அரிகிருஷ்ணன். அவர் மனைவி சந்திரிகா. எதிர்வீட்டு தனசிங், ஆட்டோ எலக்ட்ரீஷியன், இன்னும் பல் விளக்கவில்லை. மாடியில் குடியிருக்கும் கன்னியம்மா. கீழே வர அவருக்கு எந்தக் காரணமும் இல்லை, வந்திருந்தார். அப்புறம் வேன். வயது பதினேழு.

வேனுக்கு அன்று பதினொரு மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி., தகுதிச் சோதனை. முன்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சிக் காட்டு என்பார் இன்ஸ்பெக்டர். ஆறு மாதமாக அது பீய்ச்சவில்லை. பீய்ச்சாவிட்டால் எஃப்.சி. இல்லை, எஃப்.சி. இல்லாவிட்டால் வேனும் இல்லை என்று சந்திரிகா தீர்த்துச் சொல்லியிருந்தாள். ஏற்கெனவே இரண்டு தேதிகளைக் கோட்டை விட்டாயிற்று. இரண்டு முறையும் அரிகிருஷ்ணன் பாதி வழியில் திரும்பி வந்தார். முதல் முறை மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டாராம், அடுத்த முறை இன்ஷூரன்ஸ் காகிதத்தை. இன்றைக்கும் ஆகவில்லை என்றால் வேனை விற்றுவிட்டு, ஊரப்பாக்கத்தில் மைத்துனன் கடையில் உட்கார வேண்டியதுதான். மைத்துனன் இவரைவிடப் பதினொரு வயது இளையவன். இவருக்கென்று ஒரு ஸ்டூலைத் துடைத்து வைத்திருப்பதாகக் கேள்வி.

அவரும் சும்மா இருந்துவிடவில்லை. ஃப்யூஸ் மாற்றினார். பீய்ச்சும் தண்ணீர்த் தொட்டியில் ஷாம்பு ஊற்றினார். புது மோட்டாரே வாங்கி மாட்டினார். ஒன்றும் நடக்காமல், ஓட்டும்போதே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பாட்டில் தண்ணீரைக் கண்ணாடி மேல் வீசிச் சமாளித்தார். கேம்ப் ரோட் சிக்னலில் அப்படி வீசியபோது பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்ற ஒருவர் ஆபீஸ் உடையோடு குளித்தார். கன்னியம்மா இப்போது தனசிங்கிடம் அந்தக் கதையைத் தொடங்கினார். சொல்வது நாலாவது முறை. தனசிங் கேட்பதும் நாலாவது முறைதான்.

தனசிங் அரிகிருஷ்ணனை உள்ளே உட்கார்ந்து சுவிட்சை இழுக்கச் சொன்னான். எங்கிருந்தோ ஒரு முனகல் கேட்டது.

"மோட்டாரு ஜோரா பாடிகினு கீது. பழச இன்னாண்ணா பண்ண?"

காயலான் கடையில் போட்டுவிட்டதாக அரிகிருஷ்ணன் சொன்னார். அதுவும் இப்படிப் பாடியதா என்று தனசிங் விசாரித்தான். பாடியது. அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் வளர்க்க விரும்பவில்லை.

தனசிங் முன்மூடியைத் தூக்கி, ரப்பர் குழாயை முனையிலிருந்து உருவிவிட்டு, இன்னொரு தடவை இழுக்கச் சொன்னான். தண்ணீர் பீறிட்டுக் கன்னியம்மாவின் புடவையை நனைத்தது. அவர் நகரவில்லை. ஆக, தொட்டி, மோட்டார், குழாய் மூன்றும் சரி. தண்ணீர் வெளியே வரும் துளையில்தான் அடைப்பு. தனசிங் மூடியை இறக்கித் துளையைத் தேடினான். முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு பக்கமும் பொத்தான் போல இரண்டு மேடுகள் இருக்க வேண்டும். இருந்தன. இரண்டின் மேலும் எட்டணா அகலத்துக்குக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"வண்டிக்கு யாருண்ணா பொட்டு வெச்சது?"

அரிகிருஷ்ணன் சந்திரிகாவைப் பார்த்தார். அவள் திரும்பி அவரையே பார்த்தாள். ஆயுத பூஜையன்று வேனை அவர் யாரையும் தொட விடமாட்டார் என்பது தெருவுக்கே தெரியும். ஸ்டீயரிங், நாலு சக்கரம், கடைசியில் முகத்துக்கு இரண்டு பொட்டு. அந்த இரண்டு மேடுகளும் பொட்டு வைக்கத்தான் இருக்கின்றன என்று அவர் நம்பியிருந்தார். பூஜைப் பொட்டைக் கழுவுவது சரியில்லை என்று ஒவ்வொரு வருஷமும் பழையதன் மேலேயே புதியதை வைத்தார். வண்டியைக் கழுவும்போதும் அந்த இரண்டு இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவார்.

"சாமி படத்துக்குக்கூட இவ்ளோ அப்பியிருக்க மாட்டண்ணா," என்றான் தனசிங்.

சந்திரிகா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்தாள். வைத்த கைதான் எடுக்கணும் என்றாள். அரிகிருஷ்ணன் குனிந்து குத்தினார். சிவப்பாகத் தூள் வந்தது, பிறகு மஞ்சள், மறுபடி சிவப்பு, மஞ்சள், இன்னொரு சிவப்பு, மஞ்சள். கன்னியம்மா அடுக்கை வைத்து வருஷத்தை எண்ணினார். மூன்று வந்தது.

சுவிட்சை இழுத்ததும் இடது பக்கம் நேராகக் கண்ணாடியில் அடித்தது. வலது பக்கம் வேனையே தாண்டிப் போய் விழுந்தது. தனசிங் ஊக்கால் அதன் முகத்தைத் திருப்பிவிட்டுப் பல் விளக்கப் போனான்.

மணி ஒன்பதரை. அரிகிருஷ்ணன் டயர்களைப் பார்த்துக்கொண்டே வேனைச் சுற்றி வந்தார். காற்று கொஞ்சம் குறைவோ என்றார். குளித்துவிட்டுப் போனால் நல்லது என்றார். சந்திரிகா வேனின் கதவைத் திறந்தாள். சீட்டின் மேல் ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, மூக்குக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரே பையில் இருந்தன.

"பாஸாயிட்டு ஃபோன் பண்ணுங்க," என்றாள். "அப்புறம்தான் தெறப்பேன்."

எதைத் திறப்பாள் என்று அவருக்கு விளங்கவில்லை. வண்டியை வெளியே எடுத்தார். தெருமுனைக்குப் போனதும், வழக்கம்போல, எதையோ மறந்துவிட்டது போல் இருந்தது. பிரேக்கை மிதித்துப் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். சந்திரிகா கேட்டின் இரண்டு கதவுகளையும் சேர்த்துச் சாத்தி, சங்கிலியைச் சுற்றிப் பூட்டினாள். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.