குவாசரும் வெள்ளிக்கிழமை போனும்

“ஏட்டி முத்துசெல்வி, நாம இங்கன பேசுறது சவுதிக்குப் போய்ச் சேர எம்புட்டு நேரம் ஆகும்?” என்று ராமலட்சுமி அக்கா ஒருமுறை கேட்டாள். அது இரண்டாயிரமாவது வருஷம்.

கயத்தாறு மெயின் ரோட்டில் காசிராஜன் அண்ணாச்சியின் எஸ்.டி.டி. பூத். பத்தாவதோடு படிப்பு நின்றதும் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை சவுதியில் விடுமுறை. அன்றுதான் அங்கிருந்து போன் வரும். ராமலட்சுமி அக்கா இடைசெவலிலிருந்து பஸ் ஏறி வந்து காத்திருப்பாள். அவள் புருஷன் சௌந்தரபாண்டியன் அங்கே போய் மூன்று வருஷமாகியிருந்தது. அவள் ஒன்று கேட்டால் பதில் சற்றுப் பிந்தித்தான் வரும். அந்த இடைவெளியில் அவள் முகம் வாடிவிடும். சொல்ல யோசிக்கிறார் என்று நினைப்பாள்.

“அவிய யோசிக்கல அக்கா. பேச்சு வானத்துல செயற்கைக்கோளுக்குப் போயி இறங்கி வரணும். அதான் பிந்துது” என்றேன்.

அன்றைய பேப்பரில், வானத்தில் வெகுதூரத்தில் நட்சத்திரம்போல் தெரியும் குவாசர் பற்றிப் போட்டிருந்தது. அதையும் சொன்னேன். நூறு பால்வீதிகளைச் சேர்த்தாலும் ஒரு குவாசரின் வெளிச்சத்துக்கு ஈடாகாதாம். ஆனால் நமக்கு மங்கலான புள்ளிதான். அதுவரை கண்டதிலேயே தூரமான குவாசரின் வெளிச்சம் இங்கே வர ஆயிரத்து இருநூறு கோடி வருஷம் பிடித்ததாம்.

“அதுக்கு எங்க வீட்டு மனுசன் தேவல” என்று சிரித்தாள்.

அப்புறம் வரும்போதெல்லாம், “இன்னைக்கு எத்தனை கோடிட்டி?” என்பாள். மறு வருஷம் அதைவிடத் தூரத்தில் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். குவாசர்கள் கூட்டமாக இருக்கும் படமும் ஒருநாள் வந்தது. ஒன்றின் வெளிச்சம் பக்கத்தில் இருப்பதைத் தொடவே கோடிக்கணக்கான வருஷமாகும் என்றேன்.

“இதுக்குப் பேரு கூட்டமா? எங்க மாமியா வீடு மாதிரில்லா இருக்கு.”

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை எதுவும் கேட்காமல் வந்து உட்கார்ந்தாள். போன் அடித்ததும் கூண்டுக்குள் போய் நலம்கூட விசாரிக்கவில்லை.

“போன மாசம் லீவுல மெட்ராஸ் வந்துட்டு, ஊருக்கு வராமலே திரும்பிட்டியளாமே. உங்ககூட வேலை பாக்குற தங்கச்சாமி சொல்லுதான். நெசமா?”

பதிலுக்காக நின்றாள். பிறகு கதவைத் திறந்து ரிசீவரை என் காதில் வைத்தாள்.

“பிந்துறது லைனா, அவியளான்னு நீ கேட்டுச் சொல்லு.”

அங்கே டிவி ஓடியது. யாரோ பாத்திரம் உருட்டினார்கள். அவர் மூச்சு விடுவது கேட்டது. ஒருதரம் தொண்டையைச் செருமினார். வழக்கமாகப் பிந்தும் நேரம் எப்போதோ கடந்திருந்தது. சுவரில், கிழிக்காமல் விட்ட காலண்டர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“லைன் நல்லா இருக்கு அக்கா” என்றேன்.

ரிசீவரை வாங்கி மேசையில் படுக்கவைத்தாள். அதற்குள்ளிருந்து “ராமு, அலோ” என்று குரல் வந்தது. முந்தானையை இழுத்துச் செருகினாள். மழைச் சகதியில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைத் தேடி மாட்டினாள். லாரி ஒன்று போகட்டும் என்று நின்று, பிறகு ரோட்டைக் கடந்து போனாள்.