முகம் ஒத்த இருவர்

பல நாட்டுக் கப்பல்கள் ஒன்றையொன்று உரசாமல் ஒதுங்கி நிற்க, பல மொழி பேசுவோர் ஒரே நடைபாதையில் தோளுரசிச் செல்ல, மழை ஓய்ந்த தெருக்களெல்லாம் விளக்கொளியைத் தம் ஈரத்தில் ஏந்திக் கிடந்த அந்திப் பொழுதில், அம்மாநகரின் பெரிய மருத்துவமனை வாயிலில் நனைந்த குடையோடு தயங்கி நின்ற முதியவரைச் சற்று உற்று நோக்குவீராக, அன்புடையீர். உலக மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு அகரமுதலி தொகுக்கும் அலுவலகத்திலேயே தலை நரைத்தவர் அவர். எவர் எதைச் சொன்னாலும் "சான்று எங்க?" என்று கேட்டுக் கேட்டே சான்றுக்காரர் என்று பெயர் வாங்கியவர்.

அவருக்கு எதிர்மேசையில் அமர்ந்திருந்தவரை உறவுக்காரர் என்பார்கள். எந்த இரு சொற்கள் ஒலியில் ஒத்திருப்பினும் அவற்றை உடன்பிறப்புகள் என்று கொண்டாடிவிடுவது அவர் இயல்பு. வேறு வேறு ஊரில் வேறு வேறு குடியில் பிறந்தவர்களாயினும் இருவருக்கும் ஒரே அகன்ற நெற்றி, ஒரே வளைந்த மூக்கு, இடத்தோள் சற்றே தாழும் ஒரே நடை. தேநீர் கொண்டுவருபவர், ஒருவருக்குரிய குவளையை மற்றவர் முன் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். உறவற்ற மொழிகளில் ஒரே வடிவில் வாழும் சொல்லை முதலில் கண்டுபிடிப்பவருக்கு மற்றவர் தம் தேநீரைத் தந்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் வழக்கம். நம் மொழியில் பாறைத்துண்டாகிய 'கல்', பிறிதொரு மொழியில் நேற்றும் ஆகிறது, நாளையும் ஆகிறது. இன்னுமொரு மொழியிலோ 'போகாதே, இரு' என்று பொருள்படுகிறது. அதைக் கண்ட நாளில் உறவுக்காரர் இரு குவளைத் தேநீரையும் தாமே குடித்தார்.

"எல்லாம் ஒரு வீட்டுல பொறந்து பிரிஞ்சுபோன பிள்ளைங்கய்யா."

"தெருவுல பாக்குற மூக்கெல்லாம் உனக்கு மச்சானாய்யா? சான்று எங்க?"

அந்த நாட்கள்தாம் எத்துணை இனியவை!

பின்னர், ஒலி ஒத்த சொற்களெல்லாம் உறவே என்னும் தம் வாழ்நாள் ஆய்வை உறவுக்காரர் அறிஞர் அவையில் படித்த நாளில், சான்றுக்காரர் எழுந்தார். "எங்கள் இருவர் முகங்களும் ஒத்திருக்கின்றன. ஆகவே இவர் எனக்கு உறவாகிவிடுவாரோ? இவர் யாரோ, நான் யாரோ!" என்றார். அவை குலுங்கிச் சிரித்தது. உறவுக்காரர் தாள்களை மடித்துக்கொண்டு வெளியேறினார். மறுநாள் எதிர்மேசை வெறுமையாயிற்று. அதன்பின் இருவரும் ஒரு சொல்லும் பேசியதில்லை.

இன்றோ, உறவுக்காரர் பிழைப்பது அரிது என்ற செய்தி எட்டியதும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருந்தார் சான்றுக்காரர். செவிலி அவரைத் தடுத்தாள்.

"உறவுக்காரங்க மட்டுந்தான் உள்ள போகலாம், ஐயா. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

வாழ்நாளெல்லாம் கேள்வியால் பிறரைத் துளைத்தவரை இன்று ஒரு கேள்வி துளைத்தது. குடை நுனியிலிருந்து நீர் சொட்டியது.

"அண்ணன்" என்றார்.

அவள் ஏறிட்டுப் பார்த்தாள். "அதான் பாத்தாலே தெரியுதே! போங்க."

கட்டிலில் கிடந்தவர் இளைத்து உருக்குலைந்திருந்தார். ஆயினும் நெற்றி அதே நெற்றி, மூக்கு அதே மூக்கு. விழி திறந்து, வந்தவரை நெடிது நோக்கினார்.

"எப்படிய்யா உள்ள விட்டாங்க?"

"அண்ணன்னு சொன்னேன்."

உலர்ந்த உதடுகளில் பழைய குறும்பு துளிர்த்தது. "சான்று எங்க?"

சான்றுக்காரர் குழந்தைபோல் அழுதார். "அன்னிக்கு நான் பேசினது தப்புய்யா."

"நீ சொன்னது சரிதான். அந்தச் சொல்லுங்களுக்குள்ள உறவு கிடையாது, எனக்கும் தெரிஞ்சுபோச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா என்னை ஏன்யா அதுல இழுத்த?"

சான்றுக்காரர் அவர் கையைப் பற்றிக்கொண்டார். சிறிது பொழுதில் பார்வையாளர் வெளியேற மணி ஒலித்தது. அவர் எழ முயல, கட்டிலிலிருந்த கை அவர் மணிக்கட்டை விடாமல் இறுக்கியது.

"கல்" என்றார் உறவுக்காரர், மெல்ல.

எந்த மொழியில் என்று சான்றுக்காரர் கேட்கவில்லை. குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு மீண்டும் அமர்ந்தார். பிறப்பால் வருவது ஓர் உறவு, அன்பீர். பக்கத்தில் இருந்து இருந்தே வருவது இன்னோர் உறவு. பின்னதற்கு எந்த அகரமுதலியிலும் சான்று கிடையாது. செவிலி வந்து எட்டிப் பார்த்தாள். ஒத்த முகங்கள் இரண்டையும் கண்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.