குருவியின் வேகம்

சாப்பாட்டு மணி அடித்தும் மகளின் தையல் மிஷின் நிற்கவில்லை. பின்வரிசையில் காலர் தைத்துக்கொண்டிருந்த அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுந்து வந்தாள். எல்லோரும் குருவி என்று கூப்பிடும் மகள், முகமெல்லாம் மினுங்க, சட்டைக் கைகளை இணைத்து இணைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். சில நாளாகவே தூக்கம் கிடையாது. அவள் விழுங்காத மாத்திரைகள் தலையணை உறைக்குள் கிடந்ததை அம்மா அன்று காலையில்தான் பார்த்தாள்.

"எழுந்திரு கண்ணு, ஒரு வாய் சாப்பிடு."

"பசிக்கலம்மா. உள்ள பத்து ஆள் ஓடுற மாதிரி இருக்கு. இந்த ஃபேக்டரியவே வாங்கிடுவேன் பாரு."

பக்கத்து மிஷின்காரிகள் சிரித்தார்கள். அம்மா சூப்பர்வைசரிடம் ஓடினாள்.

"சார், பொண்ணுக்கு உடம்பு சரியில்ல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், லீவு குடுங்க."

"உடம்பு சரியில்லாதவளா இந்தப் போடு போடுறா? சரக்கு ஏத்துற நேரத்துல வந்து நிக்கிறியே."

"அது வேகமில்ல சார், மனசு வியாதி. இப்படித்தான் ஏறும். அப்புறம் தலைகுப்புற விழுந்துடுவா. போன தடவை மொட்டை மாடியிலேர்ந்து இழுத்துட்டு வந்தேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இதையெல்லாம் வெளிய சொல்லாதம்மா. வேலைக்கு வைக்க மாட்டாங்க."

பிறகு பலகையில் இருந்த பழைய இலக்கை அழித்து, குருவி தைத்த கணக்கையே எல்லோருக்கும் எழுதிப் போட்டார். "அவளால முடியுதுல்ல? உங்களுக்கென்ன?"

சரக்கு போய்ச் சேர்ந்தது. குருவி விழுந்தாள். சுவரைப் பார்த்துப் படுத்தவள் தண்ணீருக்குக்கூட வாய் திறக்கவில்லை. அம்மா கூடவே கிடந்தாள். மாத்திரையைப் பொடித்து, கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினாள்.

"என்னை விட்டுடேம்மா," என்றாள் மகள் ஒருமுறை.

ஒரு வாரம் கழிந்ததும் மருந்து வாங்கக் காசில்லை. குளியலறையின் உள்தாழ்ப்பாளைத் திருப்புளியால் கழற்றி, கத்தியோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு அம்மா வேலைக்கு வந்தாள்.

மகளின் இடத்தில் வேறொரு பெண் இருந்தாள். சொல்லாமல் நின்ற மகளுக்கு இனி வேலை இல்லை, அம்மாவை மட்டும் இந்த ஒரு தடவை சேர்த்துக்கொள்கிறோம் என்று ஆபீசில் சொன்னார்கள். புதியவள் கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மிஷின்ல இருந்தவ தனி ஆளா இவ்வளவு தைச்சா," என்று சூப்பர்வைசர் பலகையைக் காட்டினார். அப்படியே பின்வரிசைக்கு வந்து, அம்மாவின் பக்கத்தில் கிடந்த காலர்களைப் புரட்டிப் பார்த்தார்.

"உனக்கும் இலக்கு அதேதாம்மா. பாதிகூட வரல."

அம்மா தலைநிமிராமல் அடுத்த காலரை ஊசிக்கடியில் தள்ளினாள்.